லீஃப்ஸுக்கு வேண்டியது மூன்றாவது வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவின் பனி ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பு, மிச் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போன பிறகு நட்சத்திரக் கோல்காரர் ஓஸ்ரன் மத்தியூஸின் பக்கத்தில் யாரை விடுவது என்ற கேள்வியோடு முடிந்திருந்தது. ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வருகிற தொலைபேசி அழைப்புகளிலும் இதே கேள்விதான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் பலருடைய நீலச் சட்டையின் முதுகில் இன்னமும் 16 என்ற மார்னரின் இலக்கம் இருந்தது. கோயிலுக்குள் மேற்சட்டை கழற்றவேண்டியிருந்ததால் பெடியன்களின் கவலை வீதியோடு நின்றுவிட்டது. பெரியவர்கள் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. லீஃப்ஸ் 2025 மே மாதம் புளோரிடா அணியிடம் தோற்றது முதல் வரிசையால் அல்ல. புளோரிடாவின் மூன்றாவது வரிசைக்குப் பதில் சொல்ல லீஃப்ஸிடம் ஒரு மூன்றாவது வரிசை இருக்கவில்லை. ஒக்ரோபரில் புதிய பருவம் தொடங்கமுன் பயிற்றுநர் கிரேக் பெரூபே தீர்க்கவேண்டிய கணக்கு அதுதான்.

உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய எங்கள் வாசகர்களுக்காக வரிசை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல்காப்பாளர், பின்களத்தில் இருவர், முன்களத்தில் மூவர். ஆனால் ஓர் ஆட்டத்துக்குச் சட்டை போட்டு இறங்குவது 20 பேர். இரண்டு கோல்காப்பாளரைக் கழித்தால் 18. அதில் 12 முன்கள வீரர், 6 பின்கள வீரர். முன்களத்துப் பன்னிருவரும் மூன்று மூன்றாக நான்கு வரிசை, பின்களத்தார் மூன்று சோடி. ஒரு வரிசை தளத்தில் நிற்பது ஏறக்குறைய 45 செக்கன். அதற்குமேல் நின்றால் தொடை எரியத் தொடங்கும், சறுக்கும் வேகம் விழும், எதிரி ஒரு அடி முன்னால் போய்விடுவான். ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூவர் வாங்குக்கு வர, அடுத்த மூவர் சுவரைத் தாண்டி இறங்குவார்கள். ஆகவே பயிற்றுநர் தெரிவது மிகச் சிறந்த பதினொரு பேரை அல்ல. 45 செக்கனுக்குள் ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொள்ளக்கூடிய மூவரை, நான்கு தடவை தெரியவேண்டும்.

இந்த மாற்றத்திலேயே பல கோல்கள் விழுகின்றன. இறங்குபவர் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாகப் பனியில் சறுக்கும் இறப்பர் வட்டை, தொடமுன், ஏறுபவர் வாங்கிலிருந்து ஐந்து அடிக்குள் வந்திருக்கவேண்டும். அவசரப்பட்டால் ஆள் கூடுதல் என்று இரண்டு நிமிடத் தண்டனை. 20 நிமிடப் பகுதிகள் மூன்றில் நடுப்பகுதிதான் ஆபத்தானது. பக்கம் மாறுவதால் தங்கள் கோலுக்கும் தங்கள் வாங்குக்கும் இடையிலான தூரம் அப்போது கூடிவிடும். களைத்த மூவர் தங்கள் எல்லைக்குள் அகப்பட்டால் வாங்குக்கு வர வழியே இல்லை. மூச்சு வாங்க நினைத்துப் பக்கை நடுக்கோட்டுக்கு இப்பாலிருந்து மறுமுனை வரை அடித்துவிட்டால் அது ஐசிங். ஐசிங் செய்த அணி ஆள் மாற்றமுடியாது, அதே களைத்த ஐவரோடுதான் தங்கள் கோல் வாசலில் மீண்டும் பக்குக்கு நிற்கவேண்டும். மூன்றாவது, நான்காவது வரிசைகள் நம்பக்கூடியவையாக இல்லாத அணிக்கு இந்த நடுப்பகுதி நரகம்.

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். 2024-25 பருவத்தில் லீஃப்ஸ் 108 புள்ளிகளோடு தங்கள் பிரிவில் முதலிடம். பருவம் முடிந்து ஸ்ரான்லி கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃபின் முதற்சுற்றில் ஒட்டாவாவை ஆறு ஆட்டங்களில் வென்றார்கள். புளோரிடாவுடன் முதலிரண்டு ஆட்டங்களையும் வென்று முன்னால் நின்றார்கள். மூன்றாவது ஆட்டத்தை மேலதிக நேரத்தில் முடித்து வைத்தவர் பிராட் மர்ஷண்ட். அவர் ஆடியது புளோரிடாவின் மூன்றாவது வரிசையில்: நடுவில் அன்ரன் லுண்டெல், மறுபக்கம் ஈற்று லூஸ்ரரினென். மே 18ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்த, தொடரைத் தீர்க்கும் ஏழாவது ஆட்டம் புளோரிடாவுக்கு 6-1. அந்த ஆறு கோல்களில் மூன்று இந்த மூவருடையவை. லுண்டெல் ஒன்று, லூஸ்ரரினென் ஒன்று, கடைசியாகக் காப்பாளர் இல்லாத வெறுங்கோலுக்குள் மர்ஷண்ட் ஒன்று. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் மக்ஸ் டோமி ஒன்றைத் திருப்பி அடித்து 3-1 என்று ஆக்கியதும் அரங்கம் எழுந்தது. ஒரு நிமிடம் போகமுன் லூஸ்ரரினென் அதை இருத்திவிட்டார்.

அந்தத் தொடரில் மத்தியூஸுக்கு எதிரே பெரும்பாலும் நின்றவர் அலெக்சாண்டர் பார்கோவ். தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருதை மூன்று தடவை வாங்கியவர். முதல் வரிசையும் முதல் வரிசையும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது வரிசைகளும் அப்படித்தான். ஆட்டம் தீர்ந்தது அதற்குக் கீழே. மார்னரும் மத்தியூஸும் இன்னும் இரண்டு கோல் அடித்திருக்கலாமே என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மத்தியூஸ் 13 பிளேஓஃப் ஆட்டங்களில் 3 கோல்தான் அடித்தார், அது போதாது. ஆனால் எதிரியின் மிகச் சிறந்த தற்காப்பாளரை ஒரு வரிசை தன்மேல் இழுத்து வைத்திருக்கும்போது, அந்த இடைவெளியில் கோல் அடிக்க ஆள் இல்லாதது மத்தியூஸின் குற்றம் அல்ல. 2013 தொடக்கம் 2025 வரை ஏழாவது ஆட்டத்தில் ஏழு தோல்வி: பொஸ்ரனிடம் நான்கு, மொன்றியல், ராம்பா, புளோரிடாவிடம் ஒவ்வொன்று. 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணம் அந்த நகரத்துக்கு வரவில்லை. பயிற்றுநர் மாறினார், முகாமையாளர் மாறினார், ஆனால் கடைசிப் பத்து வருடமும் பணம் மேலே குவிந்து கீழே காய்ந்தது மட்டும் மாறவில்லை.

அந்தப் பணக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கோடை எனக்குத் துக்கமாகத் தெரியவில்லை. மார்னரின் முந்திய ஒப்பந்தம், ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பில் வருடத்துக்கு 10.9 மில்லியன் டொலரைப் பிடித்திருந்தது. லாஸ் வேகாஸ் அவருக்கு வருடம் 12 மில்லியன் படி எட்டு வருடம் கொடுத்திருக்கிறது. அவரை அனுப்பி வாங்கிய நிக்கொலஸ் றுவாவுக்கு 3 மில்லியன். யூட்டாவிலிருந்து வந்த மத்தியாஸ் மச்செல்லிக்கு 3.4, வன்கூவரிலிருந்து வந்த டகோட்டா ஜோஷுவாவுக்கு 3.25. மூவரையும் கூட்டினாலும் ஒரு மார்னர் ஆகவில்லை. ஜோன் ரவாரெஸ் 11 மில்லியனிலிருந்து 4.4 மில்லியனுக்கு இறங்கி நான்கு வருடம் கையெழுத்திட்டிருக்கிறார். 304 சீட்டு ஆடுபவர்களுக்கு இது விளங்கும். துரும்பெல்லாம் ஒரே கையில் குவிந்தால் எதிரே இருக்கும் கூட்டாளி வெறுங்கையோடுதான் இருப்பான்.

மார்னர் போனதில் இழப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. கடந்த பருவத்தில் 102 புள்ளி: 27 கோல், 75 கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்தது. ஆனால் அந்த 102க்குள் நான்கு வேறு வேலைகள் இருந்தன. தங்கள் எல்லையிலிருந்து பக்கை எடுத்து, எதிரணி எல்லை தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது ஒன்று. மத்தியூஸ் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே கொடுப்பது இன்னொன்று. ஒரு ஆள் குறைவாக நிற்கும்போது தற்காப்பது மூன்றாவது. நான்காவதை எவரும் பேசுவதில்லை: அவர் வலக்கை மட்டைக்காரர். இந்த நான்கையும் ஒரே ஆளிடம் தேடினால் கிடைக்காது. நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வரிசைகளை அந்தக் கணக்கில்தான் போடவேண்டும்.

முதல் வரிசையில் இடப்பக்கம் மத்தியூ நைஸ், நடுவில் மத்தியூஸ். இதைத் தொடத் தேவையில்லை. நைஸ் 29 கோல் அடித்தவர், உடம்பு கனம், சுற்றுப்பலகை ஓரத்தில் இருவரோடு மல்லுக்கட்டிப் பக்கை மீட்டுத் தருவார், கோல் வாசலில் நின்று காப்பாளரின் கண்ணை மறைப்பார். வலப்பக்கத்துக்கு எல்லோரும் கேட்பது வில்லியம் நைலாண்டரை. 45 கோல் அடித்தவரை 69 கோல் அடித்த வரலாறு உள்ளவரோடு சேர்த்தால் என்ன ஆகும் என்ற ஆசை எவருக்கும் வரும். நான் சேர்க்கமாட்டேன். சேர்த்தால் இரண்டாவது வரிசையில் ரவாரெஸ் தனித்துப்போவார். இந்த மாதம் அவருக்கு 35 வயது. கைகள் இன்னும் நுட்பமானவை, கோல் வாசலில் பக்கைத் தட்டி உள்ளே திருப்புவதில் அவருக்கு நிகர் அந்த அணியில் இல்லை, கடந்த பருவம் 38 கோல். ஆனால் நடுத்தளத்தில் பக்கோடு ஓடும் கால் அவரிடம் இல்லை. அந்தக் காலை அவருக்கு இரவல் கொடுப்பவர் நைலாண்டர். அவரை எடுத்துவிட்டால் ரவாரெஸின் வரிசை பக்கை எதிரணி மூலைக்கு அடித்துவிட்டு ஓடிப் பிடிக்கவேண்டும். ஓடிப் பிடிக்க 35 வயதுக் கால் உதவாது. நைலாண்டரால் மத்தியூஸுக்குக் கூடும் கோலைவிட ரவாரெஸுக்குக் குறையும் கோல் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆகவே இரண்டாவது வரிசை பொபி மக்மான், ரவாரெஸ், நைலாண்டர். மக்மானின் வேலை எளிது: நேர்கோட்டில் வேகமாக ஓடி எதிரணிப் பின்களத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. அவர்கள் பின்வாங்கினால் நைலாண்டருக்கு நீலக்கோட்டில் இடம் கிடைக்கும்.

மத்தியூஸின் வலப்பக்கத்துக்கு முதல் பத்து ஆட்டங்களும் மச்செல்லியை விடவேண்டும். 2023-24இல் அரிசோனாவுக்கு 57 புள்ளி எடுத்தவர், அதில் 40 வழி அமைத்துக் கொடுத்தவை. அடுத்த பருவம் யூட்டாவில் 55 ஆட்டத்தில் 18 புள்ளியோடு சரிந்தார். சரிந்த ஆளா மார்னரின் இடத்துக்கு என்று சிரிக்கலாம். அவருக்குக் கொடுப்பது மார்னரின் நான்கு வேலையில் ஒன்றை மட்டும்: பக்கை உள்ளே கொண்டுபோய் மத்தியூஸின் மட்டைக்குச் சேர்ப்பது. அவர் கோல் அடிக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடாது. அவரே அடிக்கத் தொடங்கினால் அந்த வரிசை கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. மச்செல்லி இடக்கை மட்டைக்காரர். வலப்பக்கத்தில் ஆடும்போது அவருடைய மட்டையின் அலகு தளத்தின் நடுப்பக்கம் பார்த்திருக்கும். எதிரணி எல்லைக்குள் இது வசதி: நடுவிலிருந்து வரும் பக்கை நிறுத்தாமலே அடிக்கலாம், முழுத் தளமும் கண்ணுக்கு முன்னால். தங்கள் எல்லைக்குள் அதே காரணத்தால் தொல்லை. பின்கள வீரர் பக்கைப் பலகை ஓரமாகச் சுற்றி அனுப்பும்போது, மச்செல்லி அதை அலகின் பின்புறத்தால்தான் பிடிக்கவேண்டும். பக் துள்ளும், ஒரு செக்கன் தாமதிக்கும். அந்த ஒரு செக்கனுக்குள் எதிரணிப் பின்கள வீரர் முன்னேறி வந்து அவரைப் பலகையோடு நசுக்கிவிடுவார். பக் அங்கேயே நின்றுவிடும், மூவரும் முன்னே ஓடிவிட்டிருப்பார்கள், கோல்.

மருந்து இருக்கிறது. வலப்பக்கப் பின்கள வீரர் பலகையைச் சுற்றி அனுப்புவதைக் குறைக்கவேண்டும். கோலுக்குப் பின்னால் தன் சோடிக்குத் திருப்பிக் கொடுத்து இடப்பக்கத்தால் வெளியேறலாம், அங்கே நைஸ் அலகின் முன்புறத்தால் பிடிப்பார். வலப்பக்கத்தால்தான் போகவேண்டி வந்தால், மத்தியூஸ் தாழ இறங்கிவந்து மச்செல்லிக்கு மூன்று நான்கு மீற்றர் தூரத்தில் நடுவில் நிற்கவேண்டும், பக் வந்ததும் தொட்டுவிடுகிற மாதிரி. கோல் அடிப்பவரை இவ்வளவு கீழே இறக்குவதா என்று கேட்பார்கள். மத்தியூஸ் ஏற்கனவே நன்றாகத் தற்காப்பவர், அவருக்கு இது புதிய வேலை அல்ல.

பத்து ஆட்டத்திலும் சரிவராவிட்டால் இளையவர் ஈஸ்ரன் கவனை அந்த இடத்தில் பார்க்கலாம். கனடிய இளையோர் ஹொக்கியின் 2025 மெமோரியல் கிண்ணத்தை ஒன்ராறியோவின் லண்டன் நைற்ஸ் வென்றபோது தொடரின் சிறந்த வீரர் அவர்தான். ஆனால் அவரும் இடக்கைக்காரர். டோமியும் இடக்கைக்காரர். மார்னர் போன பிறகு முன்களத்தில் வலக்கை மட்டையோடு நிற்பவர்கள் நைலாண்டர், றுவா, கலே யார்ன்குரொக், இவ்வளவுதான். எங்கள் கரப்பந்தாட்ட அணிகளில் இடக்கை அடிப்பவர் ஒருவர் கிடைத்தால் வலையின் வலமுனையில் நிறுத்தி எப்படிக் கொண்டாடுவோமோ, அதே மதிப்பை லீஃப்ஸ் இனி வலக்கைக்காரருக்குக் கொடுக்கவேண்டும்.

அதனால்தான் மூன்றாவது வரிசையின் நடுவில் றுவா. ஜோஷுவா இடப்பக்கம், டோமி வலப்பக்கம். உயரமும் எடையும் உள்ள இருவர், கூடவே குட்டையான, வாய் ஓயாத, ஆனால் பக்கைக் கொடுக்கத் தெரிந்த ஒருவர். முறை இப்படி: நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கை எதிரணி மூலைக்கு விடவேண்டும். ஜோஷுவா முதலில் போய் மோதுவார், றுவா இரண்டாவதாகப் போய் உதிர்ந்த பக்கை எடுப்பார், டோமி உள்ளே போகாமல் மேலே நிற்பார். எடுத்த பக் டோமிக்கு வரும், அதற்குள் பெரியவர்கள் இருவரும் கோல் வாசலுக்கு நகர்வார்கள். இதில் கெட்டுப்போகக்கூடியது ஒன்றே ஒன்று: டோமி பொறுமையிழந்து தானும் மூலைக்குள் ஓடுவது. மூவரும் கோல்கோட்டுக்குக் கீழே அகப்பட்டால் எதிரணிக்கு மூவருக்கு இருவர் என்று வெளியேற வழி திறந்துவிடும். கடந்த பருவத்தில் அவர் 74 ஆட்டத்தில் 8 கோல் மட்டும். கோலுக்காக அல்ல, கொடுப்பதற்காகவே அவரை அங்கே வைக்கவேண்டும். டோமி மேலே நிற்கமாட்டார் என்றால் நிக் றொபேட்சன். 15 கோல் அடித்தவர், ஆனால் மோதல் வந்தால் பக்கை விட்டுவிடுவார், ஆகவே அவர் என் இரண்டாவது தெரிவு.

றுவா 2023இல் லாஸ் வேகாஸோடு கிண்ணம் வென்றவர். அங்கேயும் அவர் முதல் வரிசை நட்சத்திரம் அல்ல. கீழ் வரிசைகளில் நின்று மேல் வரிசைகளுக்கு மூச்சு விட நேரம் கொடுத்தவர்களில் ஒருவர்.

நான்காவதில் ஸ்ரீவன் லோரென்ஸ், ஸ்கொற் லோற்றன், யார்ன்குரொக். இவர்களுக்குக் கோல் கணக்கு வேண்டாம். தங்கள் எல்லைக்குள் பக் போடப்படும்போதெல்லாம் இறங்கி, அதை வென்று, நீலக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு வாங்குக்கு ஓடி வரவேண்டும். ஓடி வரும் அதே கணத்தில் மத்தியூஸின் வரிசை இறங்கவேண்டும். கடினமான முப்பது செக்கனை இவர்கள் செய்துமுடிக்க, களைக்காத கால்களோடு மத்தியூஸ் ஓட்டத்தைத் தொடங்குவார். புளோரிடாவுடனான தொடரில் மத்தியூஸின் நேரம் பார்கோவோடு மல்லுக்கட்டுவதில் செலவானது, அதை இப்படித்தான் குறைக்கலாம்.

இரு அணியிலும் ஒவ்வொருவர் எதிரெதிரே நிற்க, நடுவர் பக்கைப் போட்டுத் தொடங்குவதைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விட முடியாது. மத்தியூஸ், ரவாரெஸ், லோற்றன் மூவரும் இடக்கை. தங்கள் கோலுக்கு இடப்புற வட்டத்தில் இடக்கைக்காரர் அலகின் பின்புறத்தால் இழுத்தால் பக் பலகைப் பக்கம் போகும், பாதுகாப்பு. வலப்புற வட்டத்தில் அதே இழுவை பக்கைக் கோல் வாசலுக்கு முன்னால் கொண்டுவரும், அது ஆபத்து. ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோலால் முன்னால் நிற்கும்போது, வலப்புற வட்டத்தில் பக் போடப்பட்டால் எந்த வரிசை தளத்தில் இருந்தாலும் றுவாவை இறக்கவேண்டும். அவரோடு நடுவில் ஆடும் இடக்கைக்காரர் ஒருவரும் நிற்கவேண்டும், ஏனென்றால் முறைகேடாக நகர்ந்தால் கோட்டு நடுவர் பக்கெடுப்பவரை விலக்கிவிட்டு வேறொருவரை வரச் சொல்வார். அந்த நேரத்தில் மாற்றுக்குப் பக்க வீரர் ஒருவர்தான் நிற்கிறார் என்றால் பாதி ஆட்டம் போச்சு.

எதிரணியில் ஒருவர் தண்டனையில் இருக்க, ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர்பிளேயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. கடந்த பருவத்தின் பிற்பகுதியில் பெரூபே ஐந்து முன்கள வீரர்களை விட்டார்: மத்தியூஸ், மார்னர், நைலாண்டர், ரவாரெஸ், நைஸ். உச்சியில் நின்று பங்கிட்டவர் மார்னர். இனி அந்த உச்சியில் மோர்கன் றைலி நிற்கட்டும். ஐந்தாவது முன்கள வீரரைத் தேடி டோமியை அங்கே ஏற்றவேண்டாம். அதற்குக் காரணம் பவர்பிளேக்குள் இல்லை, அது முடிந்த பிறகு வரும் நிமிடத்தில் இருக்கிறது. முதல் அணி ஒன்றரை நிமிடம் நின்று களைத்து வரும்போது முதலிரண்டு வரிசையும் உடைந்து கிடக்கும். மீதிபேரை ஒட்டித் தைத்து ஒரு வரிசை இறக்கினால், ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத அந்த மூவர்மேல்தான் எதிரணி பாயும். ஜோஷுவா, றுவா, டோமி மூவரும் குலையாமல் வாங்கில் இருந்தால், தண்டனை முடிந்த செக்கனில் அவர்களை முழுதாக இறக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்றாவது வரிசையைச் சீல் வைத்து வைத்திருக்கவேண்டும்.

நேரப் பங்கீடு: தண்டனை நேரம் கழித்து ஐவருக்கு ஐவர் ஆடுவது 48 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 15, 14, 11, 8. மூன்றாவதுக்கு 11 என்பது கூடுதலாகத் தெரியலாம். ஏழு ஆட்டத் தொடரில், ஒன்றுவிட்ட ஒருநாள் ஆடும்போது, மேலே உள்ளவர்களின் காலில் மிஞ்சுவது அந்த இரண்டு மூன்று நிமிடம்தான்.

சொந்த மண்ணில் ஆடும் 41 ஆட்டங்களில் ஒரு வசதி உண்டு. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது வந்த அணி முதலில் ஆளை இறக்கவேண்டும், வீட்டு அணி அதைப் பார்த்துவிட்டு இறக்கலாம். ரொறன்ரோவில் பெரூபே றுவாவின் வரிசையை எதிரணியின் மூன்றாவது சோடிப் பின்களத்துக்கு எதிராக விடவேண்டும். வெளியூரில் இந்தத் தெரிவு கையில் இல்லை, அங்கே நான்கு வரிசையையும் ஒழுங்குமுறையாக விடுவதே மேல். எதிரியைத் துரத்தி ஆள் மாற்றப்போய், 45 செக்கன் 70 ஆகி, களைத்து, ஐசிங்கில் அகப்படுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு.

பின்களத்தைப் பற்றிச் சண்டைபிடிக்க ஒன்றுமில்லை. ஜேக் மக்கேப், கிறிஸ் ரானெவ் சோடி அசையக்கூடாது. றைலிக்குப் பக்கத்தில் பிரண்டன் கார்லோ, ஒலிவர் எக்மன் லார்சனோடு சைமன் பென்வா. கடைசிச் சோடியில் இருவரும் இடக்கை என்பதால் முன்னே சொன்ன பலகைத் தொல்லை அங்கேயும் வரும். மச்செல்லி தளத்தில் இருக்கும்போது அந்தச் சோடியை விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மத்தியூஸையும் நைலாண்டரையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. மூன்று நேரம் உண்டு. எதிரணி ஐசிங் செய்து, களைத்த ஐவரும் மாறமுடியாமல் நிற்கும்போது ஒன்று. கடைசிப் பத்து நிமிடத்தில் பின்னால் நிற்கும்போது இரண்டு. பவர்பிளேயில் மூன்று, அது எப்படியும் நடக்கிறது. அந்த முப்பது செக்கன் முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பவேண்டும். ஒரு பகுதியில் கோல் வரவில்லை என்றதும் பன்னிரண்டு பேரையும் கலக்கிப் புதுச் சாம்பார் வைப்பது பயிற்றுநர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி, பெரூபேயும் அதற்கு விலக்கல்ல. வரிசை ஒன்று நன்றாக ஆடுகிறதா என்பதைக் கோல் எண்ணிக்கையால் பத்து ஆட்டத்துக்குள் சொல்லமுடியாது, பக் கம்பத்தில் பட்டு வெளியே போவதும் உள்ளே போவதும் அதிர்ஷ்டம். பார்க்கவேண்டியது வேறு: அந்த மூவர் நிற்கும்போது ஆட்டம் எந்த எல்லைக்குள் நடக்கிறது, அடிகள் கோல் வாசலுக்கு நேரிலிருந்து போகின்றனவா அல்லது ஓரத்திலிருந்தா, பக்கை இழந்ததும் முதலில் திரும்பி ஓடுபவர் யார். மத்தியூஸின் வரிசையில் அந்த முதல் ஆள் ஒவ்வொரு தடவையும் மத்தியூஸாகவே இருந்தால் மச்செல்லியின் கதை முடிந்தது.

கடைசியாக, ஆசிரியருக்கு இரண்டு சிறு வேண்டுகோள். பெயர்களை எழுத்தைப் பார்த்து எழுதாமல் ஒலியைக் கேட்டு எழுதுங்கள். றுவா பிரெஞ்சுப் பெயர், ரோய் அல்ல. நைஸ் என்பதில் முதல் கே ஒலிக்காது, க்னீஸ் என்று அச்சிட்டால் ஸ்காபரோப் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். மற்றது நேரம். ரொறன்ரோவில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு அடுத்தநாள் அதிகாலை 4.30. நவம்பர் 2ஆம் திகதி அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு 5.30. மொன்றியலோடு முதல் ஆட்டம் அங்கே ஒக்ரோபர் 8, புதன் இரவு. எங்களுக்கு 9ஆம் திகதி, வியாழன் விடிகாலை. உங்கள் பக்கத்தில் திகதியை எங்கள் நாட்காட்டிப்படி போட்டுவிட்டால், ஒருநாள் முந்தி எழும்பி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இங்ஙனம்,
லீஃப்ஸ் ரசிகன்,
நல்லூர், யாழ்ப்பாணம்.
செப்ரெம்பர் 2025